சாவி யார் கையில்? நடத்தை விதிகள், நடுவர் மன்றங்கள், ஒரு முப்பதாண்டு வரலாறு

1

அதிகாரம் தான் ஒதுங்கிக்கொள்வதாக அறிவிக்கும் தருணங்களைச் சற்றுச் சந்தேகத்தோடுதான் அணுக வேண்டியிருக்கிறது. ‘இனிமே உங்க பாடு, நான் தலையிட மாட்டேன்’ என்று சாவிக்காரர் சொல்லும்போது, சாவியைக் கீழே வைத்துவிட்டாரா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது அவர் இடுப்பிலேயேதான் தொங்கிக்கொண்டிருக்கும்.

1992 டிசம்பரில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் அப்படி ஓர் அறிவிப்பு வந்தது. அறிவித்தவர் பாவெல் கர்ட்டிஸ். ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் வேலை பார்த்த கணினி நிபுணர். 1990இல் அங்கிருந்த ஒரு கணினியில் ‘லாம்டாமூ’ என்ற எழுத்து உலகம் ஒன்றை அவர் தொடங்கியிருந்தார். படம் கிடையாது, ஒலி கிடையாது, எல்லாம் எழுத்துதான். உலகின் எந்த மூலையிலிருந்தும் ஒரு கணினி வழியாக உள்ளே நுழையலாம். ஒரு புனைபெயர், தன்னைப் பற்றிய ஒரு வர்ணனை, அவ்வளவுதான் உடம்பு. கர்ட்டிஸின் சொந்த வீட்டை மாதிரியாக வைத்து எழுதப்பட்ட ஒரு பெரிய வீடு. கூடம், சமையலறை, தோட்டம் என்று போகும். ஒருவர் தட்டச்சு செய்வதை அந்த ‘அறை’யில் இருக்கும் மற்றவர்கள் தங்கள் திரையில் வாசிப்பார்கள். புதிய அறைகளை, புதிய பொருட்களை யார் வேண்டுமானாலும் நிரல் எழுதிச் சேர்க்கலாம். சில ஆண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கானோர் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

வந்தவர்கள் சண்டை போட்டார்கள். யார் யாரைத் திட்டினார், யார் எவருடைய அறைக்குள் அத்துமீறி நுழைந்தார், யார் அதிக இடத்தைப் பிடித்துக்கொண்டார் என்று தினமும் பஞ்சாயத்து. இவற்றைத் தீர்த்துவைக்க வேண்டியவர்கள் கணினியின் முழுக் கட்டுப்பாட்டையும் கையில் வைத்திருந்த சிலர். அவர்களுக்கு அங்கே ‘மந்திரவாதிகள்’ என்று பெயர். கர்ட்டிஸ் தலைமை மந்திரவாதி. மற்றவர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாமல் இந்த வேலையைச் செய்தவர்கள். ஒரு கட்டத்தில் அலுத்துப்போனார்கள். அதன் விளைவுதான் 1992 டிசம்பர் அறிவிப்பு. இனி மந்திரவாதிகள் வெறும் தொழில்நுட்பப் பணியாளர்கள், கணினி ஓடுவதைப் பார்த்துக்கொள்வார்கள், மனிதர்களுக்கு இடையிலான விவகாரங்களில் தலையிட மாட்டார்கள், உறுப்பினர்கள் வளர்ந்தவர்கள், தங்கள் விவகாரத்தைத் தாங்களே தீர்த்துக்கொள்ளலாம் என்பது சாரம்.

கேட்பதற்கு விடுதலைப் பிரகடனம் போலத்தான் இருக்கிறது. அரசு உதிர்ந்துபோகிற கனவு நிறைவேறியது போல. ஆனால் ஒரு சின்னக் கேள்வி மிச்சம் இருந்தது. ஒருவரை அந்த உலகத்திலிருந்து வெளியேற்றும் கட்டளையைத் தட்டச்சு செய்ய யாரால் முடியும்? மந்திரவாதிகளால் மட்டுமே முடியும். அதாவது தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு மக்களுக்கு, தண்டனையை நிறைவேற்றும் கருவி பழையபடி அவர்களிடம். இந்தப் பிளவு எங்கே கொண்டுபோய் விடும் என்பது தெரிய அதிகக் காலம் ஆகவில்லை.

2

1993 மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை இரவு. ‘மிஸ்டர் பங்கிள்’ என்ற பெயரில் உலவிய ஒருவர், ஆட்கள் நிறைந்திருந்த கூடத்திற்குள் வந்தார். அவரிடம் ‘பில்லிசூனியப் பொம்மை’ என்றொரு நிரல் இருந்தது. அதன் வேலை எளிமையானது. நீங்கள் தட்டச்சு செய்யாத ஒரு செயலை, நீங்கள் செய்வதாக மற்றவர்களின் திரைகளில் எழுதிக் காட்டும். அதை வைத்துக்கொண்டு அவர் அங்கிருந்த லெக்பா என்கிற பாத்திரத்தின் மீதும் வேறு சிலர் மீதும் கொடூரமான பாலியல் வன்முறைகளை எழுதினார். அந்தப் பாத்திரங்கள் அதற்கு உடன்படுவதாக, தங்கள்மீதே வன்முறை செய்துகொள்வதாக வரிகள் ஓடின. பழைய உறுப்பினர் ஒருவர் வந்து, எதிராளியைக் கூண்டில் அடைக்கும் தன் நிரலைப் பயன்படுத்தியபோதுதான் அது நின்றது.

‘எழுத்துதானே, திரையை மூடிவிட்டுப் போயிருக்கலாமே’ என்று சொல்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். பிரதி, ஆசிரியன், சுயம் என்றெல்லாம் விவாதித்துப் பழகிய வாசகர்களுக்கு இதில் இருக்கிற விஷயம் எளிதில் பிடிபடும். எழுத்தே உடலாக இருக்கிற ஓரிடத்தில், ஒருத்தியின் பெயரில் தொடங்கும் வாக்கியத்தை இன்னொருவன் எழுதி முடிப்பது என்றால் என்ன? அவளுடைய எழுவாயைப் பறித்துக்கொள்வது. அவள் திரையை மூடிவிட்டுப் போனாலும் அவள் பெயர் அந்த அறையில், எல்லோர் பார்வையிலும், அவன் சொன்னபடி ஆடிக்கொண்டிருக்கும். லெக்பாவை இயக்கியவர் சியாட்டிலில் இருந்த ஒரு பெண். தன் கண்டனத்தை எழுதியபோது தன் கண்களில் நீர் வழிந்தது என்று அவர் பிறகு சொன்னதை ஜூலியன் டிபெல் பதிவு செய்திருக்கிறார். ‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழில் 1993 டிசம்பரில் டிபெல் எழுதிய கட்டுரை வழியாகத்தான் இந்தச் சம்பவம் வெளியுலகுக்குத் தெரியவந்தது.

லெக்பா கேட்டது ஒன்றே ஒன்று. பங்கிளைத் ‘தேரையாக்க’ வேண்டும். பழைய கணினி விளையாட்டுகளில் மந்திரவாதி ஒருவரைச் சபித்துத் தேரையாக மாற்றுவது வழக்கம். லாம்டாமூவில் அதற்குக் கணக்கை அடியோடு அழித்துவிடுவது என்று பொருள். ஒரு வகையில் மரண தண்டனை. பலர் ஆதரித்துக் கையெழுத்திட்டார்கள். ஆனால் யாரிடம் மனுக் கொடுப்பது? மந்திரவாதிகள்தான் ஒதுங்கிவிட்டார்களே!

மூன்று நாள் கழித்து ஒரு கூட்டம் கூடியது. அங்கே எல்லா அரசியலும் இருந்தது. சட்டம் இல்லாமல் தண்டனை இல்லை, முதலில் விதிகளை எழுதுவோம் என்றவர்கள் ஒரு பக்கம். மந்திரவாதிகளே திரும்பி வந்து ஆளட்டும் என்ற ராஜவிசுவாசிகள் ஒரு பக்கம். தொல்லை தருபவரின் எழுத்துகளை உங்கள் திரையில் மறைத்துக்கொள்ளக் கட்டளை இருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்ற தொழில்நுட்பச் சுதந்திரவாதிகள் இன்னொரு பக்கம். எந்த அதிகாரமும் வேண்டாம் என்ற அராஜகவாதிகளும் இருந்தார்கள். நடுவில் பங்கிளே வந்து நின்றார். ஏன் செய்தாய் என்று கேட்டதற்கு, அது ஒருவகை மனப் பரிசோதனை, தன் நிஜ வாழ்வில் அதற்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்றார். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது ஒருவரல்ல, ஒரு பல்கலைக்கழக விடுதியில் கூடியிருந்த மாணவர் கூட்டம் என்பது பிற்பாடு தெரியவந்தது.

கூட்டம் எந்த முடிவுக்கும் வராமல் கலைந்தது. அன்றிரவு ‘ஜோஃபீட்பேக்’ என்ற மந்திரவாதி, பேசியதையெல்லாம் கேட்டிருந்தவர், தனியாக யோசித்துத் தனியாகக் கட்டளையைத் தட்டினார். பங்கிள் அழிந்தார். சில நாட்களில் ‘டாக்டர் ஜெஸ்ட்’ என்ற புதுப்பெயரில் அதே ஆள் திரும்பி வந்ததாக எல்லோரும் கண்டுகொண்டார்கள்.

இந்தக் கதையை இணையத்தின் ‘அப்பாவித்தனம் தொலைந்த கதை’யாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அப்படிச் சொல்வதில் முக்கியமான ஒன்று மறைந்துபோகிறது. அங்கே நடந்தது வன்முறைக்கும் ஒழுங்குக்குமான மோதல் மட்டுமல்ல. ஆள்பவர் ஒதுங்கிக்கொண்டபோது பாதிக்கப்பட்டவளுக்குப் போய் நிற்க ஒரு வாசல் இல்லாமல் போனது. விவாதிக்க எல்லோருக்கும் இடம் இருந்தது. முடிவெடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. கடைசியில் முடிவெடுத்தவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அல்ல. தலையிடாமை என்பது நடைமுறையில் ஒரு தனிமனிதனின் இரவுநேரத் தீர்மானமாக வந்து முடிந்தது.

3

வெளியூர் போயிருந்த கர்ட்டிஸ் திரும்பி வந்து எல்லாவற்றையும் வாசித்துவிட்டு ஒரு புதிய ஏற்பாட்டை அறிவித்தார். யாரும் மனு எழுதலாம். போதிய கையெழுத்துச் சேர்ந்தால் அது மந்திரவாதிகளின் பரிசீலனைக்குப் போகும். அவர்கள் அதன் நல்லது கெட்டதைப் பற்றித் தீர்மானிக்கக் கூடாது. செயல்படுத்த முடியுமா, சட்டவிரோதமா, கணினியின் பாதுகாப்புக்குக் கேடா என்பவற்றை மட்டும் பார்க்க வேண்டும். பிறகு வாக்கெடுப்பு. எதிர்ப்பைப் போல இரண்டு மடங்கு ஆதரவு இருந்தால் மந்திரவாதிகள் அதை நிறைவேற்றியே ஆக வேண்டும்.

இந்த வழியில் வந்தவற்றில் பெரியது நடுவர் முறை. குறிப்பிட்ட காலம் உறுப்பினராக இருந்தவர் யாரும் நடுவராக முன்வரலாம். புகார் சொல்பவர் தனக்கு நேர்ந்த பாதிப்பைக் காட்ட வேண்டும். இருதரப்பையும் கேட்டு நடுவர் தீர்ப்புச் சொல்வார். தற்காலிக விலக்கத்திலிருந்து தேரையாக்குவது வரை தண்டனைகள் உண்டு. சட்ட அறிஞர் ஜெனிஃபர் ம்னூக்கின் 1996இல் இதைப் பற்றி விரிவான ஓர் ஆய்வை எழுதினார். ஒரு சமூகம் சட்டத்தைத் தன் கண்ணெதிரே, ஒன்றுமில்லாததிலிருந்து, உருவாக்குவதை அதில் பார்க்கலாம். எது சொத்து, எது பேச்சு, எது காயம் என்று ஒவ்வொன்றையும் விவாதித்தே தீர்மானிக்க வேண்டியிருந்தது. சட்டத்தை மேலும் மேலும் கறாராக்க வேண்டும் என்றவர்களும், இது ஒரு விளையாட்டு, இங்கே எதற்கு வழக்காடு மன்றம் என்றவர்களும் மோதிக்கொண்டார்கள்.

குடியாட்சி வந்துவிட்டதா? வந்தது, ஒரு வேலிக்குள். ‘செயல்படுத்த முடியுமா’ என்ற அந்தச் சின்னக் கேள்விக்குள் எவ்வளவு அரசியல் ஒளிந்திருக்கிறது பாருங்கள். ஒரு விதியை நிரலாக எழுத எத்தனை நாள் ஆகும், யார் உட்கார்ந்து எழுதுவது, கணினி தாங்குமா என்பதெல்லாம் தொழில்நுட்பக் கேள்விகள் போலத் தோன்றும். ஆனால் அவற்றுக்குப் பதில் சொல்கிறவரே எந்த விதி உயிர்பெறும் என்பதையும் தீர்மானித்துவிடுகிறார். கணினியோ ஜெராக்ஸ் கம்பெனியுடையது. உறுப்பினர்கள் எத்தனை வாக்குப் போட்டாலும் அந்தக் கம்பெனியைக் கட்டுப்படுத்த முடியாது. நிரலே ஒரு சட்டமாகச் செயல்படுகிறது என்று லாரன்ஸ் லெஸ்ஸிக் 1999இல் ஒரு புத்தகமே எழுதினார். லாம்டாமூக்காரர்களுக்கு அது அதற்கு முன்பே அனுபவமாகத் தெரிந்திருந்தது.

1996 மே 16 அன்று மந்திரவாதிகள் இரண்டாவது அறிவிப்பை வெளியிட்டார்கள். தொழில்நுட்பத் தீர்மானம் வேறு, சமூகத் தீர்மானம் வேறு என்று பிரித்து வைக்க முடியாது என்று ஒப்புக்கொண்டார்கள். இனி சமூக விளைவுள்ள முடிவுகளை எடுப்பதிலிருந்தும் ஒதுங்கி நிற்கப் போவதில்லை என்றார்கள். மூன்றரை ஆண்டுப் பரிசோதனை தொடங்கிய இடத்திற்கே வந்து சேர்ந்தது.

இதைச் சனநாயகத்தின் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கென்னவோ இந்த இரண்டாவது அறிவிப்புதான் முதலாவதைவிட நேர்மையானதாகப் படுகிறது. முதலாவது, சாவி தன்னிடம் இல்லை என்று பாவனை செய்தது. இரண்டாவது, இருக்கிறது என்று ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொண்ட அதிகாரத்தோடு சண்டை போடலாம். இல்லாத அதிகாரத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

4

இந்த இடத்தில் கணினிக்குச் சம்பந்தமில்லாத ஒரு பிரதியை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். அமெரிக்கப் பெண் விடுதலைக் குழுக்களில் இயங்கிய ஜோ ஃப்ரீமன், 1970இல் ஓர் உரை நிகழ்த்தினார். 1972இல் அது அச்சில் வந்தது. தலைமை இல்லை, அமைப்பு இல்லை, விதிகள் இல்லை என்று பெருமைப்பட்டுக்கொண்ட குழுக்களுக்குள் என்ன நடந்தது என்பதை அவர் உள்ளிருந்தே சொன்னார். அமைப்பற்ற குழு என்று ஒன்று கிடையாது. எழுதப்பட்ட அமைப்பு இல்லாத இடத்தில் எழுதப்படாத அமைப்பு இருக்கும். நட்பு, பழக்கம், ஒரே மாதிரிப் பின்னணி ஆகியவற்றால் சேர்ந்த ஒரு சிறு வட்டம் முடிவுகளை எடுக்கும். அது தேர்ந்தெடுக்கப்படாதது என்பதால் அதை நீக்கவும் முடியாது. அமைப்பின்மை என்ற பேச்சு, அதிகாரத்தை மறைக்கும் திரையாகிவிடுகிறது என்பது அவர் வாதம்.

நம்மில் பலருக்கு விதி, ஒழுங்கு என்ற சொற்களைக் கேட்டதும் உடம்பு கூசும். காரணம் இருக்கிறது. ‘ஒழுக்கம்’ என்ற பெயரில் யாரையெல்லாம் ஒடுக்கினார்கள் என்பது நமக்குத் தெரியும். ஊர்விலக்கம் என்ற தண்டனை யாருடைய கையில் யாருக்கு எதிராகப் பயன்பட்டது என்றும் தெரியும். மிஷெல் ஃபூக்கோ 1975இல் எழுதிய தண்டனையின் வரலாறு, தண்டிக்கும் அதிகாரம் உடலை வதைப்பதிலிருந்து நடத்தையைச் சீர்படுத்துவதை நோக்கி நகர்ந்ததைக் காட்டிக்கொடுத்தது. நடத்தை விதி என்பது ‘இயல்பான’ உறுப்பினர் ஒருவரை உற்பத்தி செய்யும் எந்திரம் என்று அந்த வழியில் வாதிடலாம். தவறில்லை. ஆனால் அந்த விமர்சனத்தோடு நின்றுவிட்டால், லெக்பாவின் மனுவுக்கு என்ன பதில்? எல்லா விதியும் அதிகாரமே என்று சொல்லிவிட்டு எழுந்து போவது, அந்த அறையில் பங்கிளுக்கு மட்டுமே வசதியாக இருக்கும். விதி வேண்டுமா வேண்டாமா என்பதல்ல கேள்வி. விதி யாருடைய புகாரிலிருந்து பிறந்தது, நடைமுறையில் அது யாருக்கு எதிராகத் திரும்புகிறது என்பதே கேள்வி. இதற்கு இன்னும் நீண்ட ஒரு வரலாற்றுச் சான்று இருக்கிறது.

5

விக்கிப்பீடியா 2001 ஜனவரியில் தொடங்கியது. ஜிம்மி வேல்ஸ், லாரி சாங்கர் என்ற இருவர் தொடங்கினார்கள். சாங்கர் 2002இல் விலகினார். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்கிற ஓரிடத்தில் சண்டை வராமல் எப்படி இருக்கும்? ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழிப்பார், இவர் திரும்ப எழுதுவார். சமாதானம் பேசிப் பார்த்து முடியாதபோது, ஒருவரை வெளியேற்றுவதா என்ற கடைசி வார்த்தை வேல்ஸுடையதாக இருந்தது. பாதி வேடிக்கையாகவும் பாதி உண்மையாகவும் அவரை ‘நல்லெண்ணச் சர்வாதிகாரி’ என்று அழைத்தார்கள்.

கூட்டம் பெருகவே ஒருவரால் தாங்க முடியவில்லை. 2003 இறுதியில் அவர் தன் அதிகாரத்தை ஒரு நடுவர் குழுவிடம் கொடுப்பதாக அறிவித்தார். 2004 தொடக்கத்தில் 12 பேருடன் ஆங்கில விக்கிப்பீடியாவின் நடுவர் குழு வேலையைத் தொடங்கியது. பிறகு உறுப்பினர்களைப் பயனர்களே ஆண்டுதோறும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனாலும் நெடுங்காலம் முறைப்படி நியமித்தவர் வேல்ஸ்தான். இங்கேயும் சாவி முழுசாகக் கைமாறவில்லை.

இந்தக் குழு தனக்குத்தானே ஒரு வேலியைப் போட்டுக்கொண்டது. கட்டுரையில் எது உண்மை என்பதைத் தீர்மானிக்க மாட்டோம், எழுதுபவர்களின் நடத்தையை மட்டும் பார்ப்போம் என்றது. இதற்கு நியாயம் உண்டு. பன்னிரண்டு பேர் உட்கார்ந்து உலகின் உண்மைகளுக்குத் தீர்ப்புச் சொல்வது பயங்கரமான விஷயம். ஆனால் விளைவு என்ன? ஹாஃப்மன், மெஹ்ரா என்ற இரு சட்ட அறிஞர்கள் இந்தக் குழுவின் தீர்ப்புகளை ஆராய்ந்து 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இந்த முறை தகராறுகளைத் தீர்ப்பதைவிட, தொல்லை தருபவர்களைக் களையெடுப்பதற்கும், பயன்படக்கூடியவர்களைத் திரும்ப உள்ளே சேர்த்துக்கொள்வதற்குமே அதிகம் பயன்படுகிறது என்பது அவர்களது முடிவு. அதாவது நீதியைவிட உற்பத்திதான் முக்கியம். பட்டறை ஓட வேண்டும், அதற்கு இடைஞ்சலாக இருப்பவர் வெளியே போக வேண்டும்.

நடத்தையை மட்டும் பார்க்கும் நடுநிலைக்கு ஒரு குணம் உண்டு. அமைதியாக, மரியாதையாக, வருடக்கணக்கில் ஒருவரைச் சீண்டிக்கொண்டே இருப்பவர் விதியை மீறுவதில்லை. சீண்டப்பட்டவர் ஒரு நாள் பொறுமை இழந்து கத்துகிறார். கத்தியதுதான் பதிவாகிறது. 2015 ஜனவரியில் ‘கேமர்கேட்’ வழக்கில் இது வெளிப்படையாக வந்தது. கணினி விளையாட்டுத் துறையில் இருந்த பெண்கள்மீது நடந்த கூட்டுத் தாக்குதல் தொடர்பான கட்டுரையை ஒட்டிய வழக்கு அது. இருதரப்பாரையும் குழு தண்டித்தது. தாக்கப்பட்ட பெண்களைப் பற்றிய அவதூறுகளைக் கட்டுரையிலிருந்து விலக்கி வைக்கப் போராடியவர்களும் தண்டிக்கப்படுகிறார்கள் என்று பத்திரிகைகளில் கண்டனம் எழுந்தது. தாங்கள் உள்ளடக்கத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லவில்லை என்பதுதான் குழுவின் பதில். இதற்கு நான்கு ஆண்டுகள் முன்னதாக, 2011இல், விக்கிமீடியா அறக்கட்டளையே எடுத்த கணக்கெடுப்பில் எழுதுபவர்களில் பெண்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு என்று தெரியவந்திருந்தது. எந்தத் தொனி ‘மரியாதை’ என்றும் எது ‘கூச்சல்’ என்றும் யாருடைய காது தீர்மானிக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

6

2019 ஜூனில் சாவிக்காரர் நேரடியாகவே வெளியே வந்தார். ஆங்கில விக்கிப்பீடியாவின் நீண்டகால நிர்வாகி ஒருவரை, விக்கிமீடியா அறக்கட்டளை தானே ஓராண்டுக்குத் தடை செய்தது. நடுவர் குழுவைக் கேட்கவில்லை. புகார் என்ன, கொடுத்தது யார் என்று சொல்லவும் இல்லை. புகார் கொடுத்தவரைப் பாதுகாக்க வேண்டும் என்றது அறக்கட்டளை. குற்றச்சாட்டைக் காட்டாமல் தண்டிப்பது என்ன நீதி என்று கேட்டது சமூகம். இருபதுக்கும் மேற்பட்ட நிர்வாகிகள் எதிர்ப்புத் தெரிவித்துப் பொறுப்பைத் துறந்தார்கள். பிறகு விஷயம் நடுவர் குழுவிடம் வந்தது. செப்டம்பரில் குழு தடையை ரத்து செய்தது. நிர்வாகிப் பொறுப்பை மட்டும் திருப்பித் தரவில்லை.

இதில் யார் பக்கம் நிற்பது? பழக்கத்தில் நாம் உடனே சமூகத்தின் பக்கம் நிற்போம். தன்னாட்சிமேல் மேலிருந்து விழுந்த அடி என்போம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த நாட்களில் வேறொன்றும் நடந்தது. புகார் கொடுத்தது யார் என்று தேடும் ஒரு வேட்டை தொடங்கியது. யார்மீது சந்தேகம் விழுந்ததோ அவர்மீது வசை பாய்ந்தது. புகார்தாரரை மறைத்ததற்கான காரணத்தை அந்த வேட்டையே நிரூபித்துக் காட்டியது. வெளிப்படையான விசாரணை என்பது எல்லோரும் சமமாக இருக்கும் இடத்தில்தான் நியாயம். செல்வாக்குள்ள ஒருவருக்கு எதிராக எளியவர் ஒருவர் பேச வேண்டியிருக்கும்போது ‘எல்லார் முன்னாடியும் சொல்லு’ என்பது வாயை அடைக்கும் வழி. இரகசிய விசாரணையோ, யாரையும் எதற்கும் வெளியேற்றும் கதவைத் திறந்துவிடுகிறது. இரண்டு ஆபத்தும் உண்மையானவை. ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்கக் கூடாது.

தன்னாட்சியைப் புனிதமாக்குகிறவர்கள் பார்க்க வேண்டிய இன்னொரு சான்று குரோவேசிய மொழி விக்கிப்பீடியா. ஏறத்தாழ பத்தாண்டுகள் அது வலதுசாரித் தேசியவாதிகளான ஒரு சிறு நிர்வாகிக் குழுவின் பிடியில் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் உஸ்தாஷா பாசிச அரசு செய்த கொலைகளை மழுப்பி எழுதினார்கள். யாசெனோவாட்ஸ் வதைமுகாமை வெறும் ‘திரட்டு முகாம்’ என்றார்கள். 2013இல் அந்நாட்டுக் கல்வி அமைச்சரே மாணவர்களை அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரிக்கும் நிலை வந்தது. மறுத்து எழுதியவர்களை எப்படி வெளியேற்றினார்கள்? நடத்தை விதிகளைக் காட்டித்தான். நாகரிகமின்மை, இடையூறு என்று சொல்லித் தடை செய்தார்கள். எழுதுபவரும் அவர்களே, காவலரும் அவர்களே, நீதிபதியும் அவர்களே. அந்தப் பிடி தளர 2020 வரை ஆனது. 2021இல் அறக்கட்டளை வெளியிட்ட அறிக்கை இதையெல்லாம் ஒப்புக்கொண்டது.

சின்ன மொழிச் சமூகங்களுக்கு இது வெறும் அயல்நாட்டுச் செய்தி அல்ல. ஆங்கிலத்தில் ஒரு நிர்வாகிக்கு எதிராகப் பேச இன்னும் நூறு நிர்வாகிகள் இருப்பார்கள். எண்ணிக்கை குறைவான இடத்தில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். நடுவராக உட்காரப்போகிறவர் ஒரு தரப்பின் நண்பராகவோ பகையாளியாகவோ இருப்பார். 2020 மே மாதம் விக்கிமீடியா அறங்காவலர் குழு எல்லா மொழிகளுக்கும் பொதுவான ஒரு நடத்தை விதி வேண்டும் என்று தீர்மானித்தது. 2021 பிப்ரவரியில் அது ஏற்கப்பட்டது. அதை எப்படி நடைமுறைப்படுத்துவது என்ற வழிகாட்டுதல்கள் 2022இல் ஒரு முறையும், திருத்தப்பட்ட பிறகு 2023இல் மறுமுறையும் உறுப்பினர் வாக்குக்கு விடப்பட்டன. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்கும் அந்த விதி பொருந்தும். உள்ளூரில் நியாயம் கிடைக்காதவர் போய் நிற்க வெளியே ஒரு வாசல் இருக்கிறது என்பது இதன் நல்ல பக்கம். அந்த வாசலில் இருப்பவருக்கு நம் மொழியில் ஒரு சொல்லின் சூடு தெரியுமா, சாதியைக் குறிக்கும் ஒரு மறைபொருள் வசவை அவர் வசவென்று கண்டுகொள்வாரா என்பது இதன் மறுபக்கம். மேலிருந்து வரும் விதி, நம் ஊர் அவமானங்களின் இலக்கணத்தை அறியாது.

7

ஸ்பெயின் நாட்டின் வலென்சியா நகரில், பேராலயத்தின் வாசலில், வியாழக்கிழமை நண்பகலில் ஒரு தண்ணீர் நீதிமன்றம் பல நூற்றாண்டுகளாகக் கூடிவருகிறது. நீதிபதிகள் அந்த வாய்க்கால்களில் பாசனம் செய்யும் விவசாயிகள், விவசாயிகளே தேர்ந்தெடுத்தவர்கள். வழக்கு முழுக்க வாய்மொழியில். எழுத்து, வக்கீல் எதுவும் கிடையாது. அவர்களிடம் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. வலக்கரை வாய்க்கால்காரர்மீது வழக்கென்றால் தீர்ப்பை முன்மொழிபவர் இடக்கரையைச் சேர்ந்தவர். இடக்கரைக்காரர் என்றால் வலக்கரையார். நீதிபதிக்கு வாய்க்கால் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் அது அவருடைய வாய்க்காலாக இருக்கக் கூடாது. எலினார் ஆஸ்ட்ரோம் 1990இல் எழுதிய பொதுவளங்கள் பற்றிய நூலில் வலென்சியாவும் ஒரு சான்று. நீடித்து நிற்கும் தன்னாட்சிகளில் அவர் கண்ட பொதுத் தன்மைகளில் சில நமக்கு நேரடியாக உதவும். விதிக்கு உட்படுபவர்கள் விதியை மாற்றுவதில் பங்கேற்கிறார்கள். கண்காணிப்பவர் உறுப்பினர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். தண்டனை சிறியதிலிருந்து தொடங்கிப் படிப்படியாக ஏறும். புகார் சொல்ல அதிகச் செலவில்லாத, பக்கத்திலேயே இருக்கிற ஓரிடம் இருக்கும்.

லாம்டாமூவில் இந்த நான்கில் எது இல்லாமல் போனது என்று பார்த்தால் கணக்கு தெளிவாகும். அந்த முதல் இரவில் எச்சரிக்கைக்கும் மரண தண்டனைக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. போய் நிற்க இடமில்லை. கட்டளையைத் தட்டியவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. குரோவேசியாவில் வாசல் இருந்தது, அதில் உட்கார்ந்திருந்தவர் அதே வாய்க்கால்காரர். 2019இல் வெளியாள் வந்தார், வாய்க்கால் தெரியாமல் வந்தார்.

இந்தியாவில் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், உள்ளகக் குழுவில் வெளியிலிருந்து ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும், பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. இடக்கரை, வலக்கரை என்ற அதே தர்க்கம்தான். ஆனால் அந்த வெளியாளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நிர்வாகத்திடம் இருப்பதால், சாவி மறுபடியும் பழைய இடுப்புக்கே போய்ச் சேர்ந்துவிடும் ஆபத்து அதற்குள்ளேயே இருக்கிறது.

இயக்கங்களிலும் இலக்கியக் குழுக்களிலும் இதழ்களைச் சுற்றிய வட்டங்களிலும் இருக்கிற நாம், நடத்தை விதி என்ற சொல்லை நிறுவனங்களின் சொல்லாக நினைத்து ஒதுக்கிவிடுகிறோம். ‘நாம தோழர்கள், நமக்குள்ள எதுக்கு விதி’ என்கிறோம். தலைமை இல்லாத குழு என்கிறோம். ஆனால் இதழின் முகவரி யார் வீட்டு முகவரி, கணக்கு யார் பெயரில், உறுப்பினர்களின் தொலைபேசி எண்கள் யாரிடம் என்று கேட்டால் பதில் வரும். ஒரு பெண்ணோ ஒரு தலித் தோழரோ அந்த வட்டத்தின் செல்வாக்குள்ள ஒருவர்மீது புகார் சொல்ல நினைத்தால் முதலில் போய் நிற்க வேண்டியது அந்தச் செல்வாக்குள்ளவரின் நண்பர் முன்னால்தான். பிறகு ‘பேசித் தீர்த்துக்கலாம்’ என்பார்கள். பேசுவோம். பேசி முடிப்பதற்குள் புகார் சொன்னவர் குழுவை விட்டுப் போயிருப்பார், எவர்மீது சொன்னாரோ அவர் அடுத்த கூட்டத்துக்குத் தலைமை வகிப்பார்.

எழுதப்பட்ட விதி இதையெல்லாம் தானாகச் சரிசெய்துவிடாது. குரோவேசியா அதற்குச் சான்று. ஆனால் எழுதிய விதியைக் கையில் வைத்துக்கொண்டு ‘இதை நீங்கள் மீறினீர்கள்’ என்று ஒருவரால் கேட்க முடியும். எழுதாத விதியிடம் எதைக் கேட்பது? எனவே குழுக்கள் கூடும்போது கொள்கை அறிக்கைக்கு முன்பாகச் சில சாதாரணக் கேள்விகளைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம். நம்மில் ஒருவரை வெளியேற்ற இப்போது யாரால் முடிகிறது? அவர்மீதே புகார் என்றால் யாரிடம் போவது? விசாரிப்பவர்களில் வேறு வாய்க்காலைச் சேர்ந்தவர் யார், அவரைத் தேர்ந்தெடுத்தது யார்? புகார் சொன்னவர் ஓராண்டு கழித்தும் நம்மோடு இருக்கிறாரா? கடைசிக் கேள்விக்குப் பதில் தேட எந்தக் கோட்பாடும் வேண்டாம். கூட்டத்தில் வந்து உட்கார்ந்திருப்பவர்களைச் சுற்றிப் பார்த்தாலே போதும்.